பாதியில் நின்ற கேசட்

வானொலி நாடகக் கேசட்டுகளைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. சரித்திரக் கதையில் ராஜா பேசி முடிப்பதற்குள் போரே முடிந்துவிடும். மாயாஜாலக் கதையில் பேய்க்கும் மந்திரவாதிக்கும் ஒரே குரல். காதல் கதையில் அழுகை அதிகம்.

எண்பதுகளில் ஒரு மாலை, ஏலக்காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்களோடு போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மலையிறங்கினேன். டிரைவர் காதல் கதை போட்டிருந்தார். என் விமர்சனத்தைக் கேட்டுச் சலித்த அவர்களில் ஒருத்தி, பேச்சியம்மா, "சும்மா வாங்கண்ணே, கதையில அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிக்கப்போகுது" என்றாள்.

அப்போது கேசட் சிக்கி நின்றது. மூடுபனியில் வண்டி மெல்லப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். டிரைவரின் கண்கள் மூடியிருந்தன.

பேச்சியம்மா அவர் தோளில் ஓங்கி அறைந்தாள். "ஏ மாப்ளே! அந்தப் பிள்ளை யாரக் கட்டும்? சொல்லு!"

ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பியது. சக்கரத்தடியில் கற்கள் சரிந்தன. "மு... முறைமாமனைத்தான்க்கா. ரெண்டு நாளா லோடு அடிச்சு அசதி."

"அந்தக் குடிகாரனையா?" என்று இன்னொருத்தி கத்தினாள்.

ஜீப்பை நிறுத்த இடமில்லாத பாதை. வளைவுக்கு வளைவு அவரைக் கேள்வி கேட்டார்கள். முறைமாமன் பக்கம் பேசி நானும் கத்தினேன்.

அடிவாரத்தில் முகம் கழுவிவிட்டு டிரைவர் கேட்டார்: "நெசமாவே யாரக் கட்டுச்சுக்கா?"

"யாருக்குத் தெரியும்? நீ முழிச்சு வந்தியே, போதும்."

அது மோசமான கதை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.