மாவு ஒட்டிய கை

மாஸ்டருக்கு பேக்கரியில் வேலை. இருபத்தாறு வருடமாக மாவு பிசைகிறார். விடியுமுன் போய் மதியம் திரும்புவார். முழங்கை வரை அடுப்புத் தட்டு சுட்ட தழும்புகள். வெளியில் அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து பட்டனிடம் பேசுவார். பட்டன், நாய். தன் முறை அதற்குப் பிறகுதான் என்பாள் மனைவி.

பட்டனுக்கு வயிறு கெட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. கழிச்சல், வாந்தி. காது சிவந்து நாறியது. சொறிந்து சொறிந்து வயிற்றிலும் தொடையிலும் முடி கொட்டிவிட்டது. மாடியிலிருந்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"ரெண்டு மாசம் பாக்குறேன் மாஸ்டர். சரியாகலைன்னா நாயை எங்கயாவது குடுத்துடுங்க. இல்லைன்னா வேற வீடு பாருங்க."

நாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா மருந்தைவிடச் சாப்பாட்டை நம்பினார். "சாப்பிடுறதுல ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கலை. எட்டு வாரம் மீன், அரிசி, பூசணி. உப்பில்லாம வேகவச்சு. வேற ஒரு துணுக்குகூட உள்ள போகக்கூடாது. வாரம் ஒரு தடவை மருந்து ஷாம்பு, பத்து நிமிஷம் ஊறணும்."

மாஸ்டர் தராசில் நிறுத்துச் சமைத்தார். மீனை விரலால் தடவித் தடவி முள் எடுத்தார். ஷாம்பு ஊறும் வரை கடிகாரத்தைப் பார்த்தபடி நாயோடு தானும் நனைந்து நின்றார்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி முள் எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன, அரிக்குதா?"

கழிச்சல் குறைந்தது. அரிப்பு நிற்கவில்லை. ஐந்தாவது வாரம் டாக்டரம்மா காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரோ திருட்டுத்தனமா ஏதோ குடுக்குறீங்க" என்றார்.

வீட்டில் மனைவி அவருடைய சட்டைப் பையைத் துழாவினாள். அவர் பிஸ்கட் டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றினார். இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் அவர் வந்து படியில் உட்கார்ந்தபோது அவள் கதவருகே நின்று பார்த்தாள். பட்டன் ஓடிவந்து அவர் வலது கையை விரல் முதல் முழங்கை வரை நக்கியது.

"என்னங்க, அப்படியே இருங்க. உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். இடது கை வெள்ளையாக இருந்தது. மாவு, பால்பவுடர், வெண்ணெய்ப் பிசுக்கு. வலது கை பளிச்சென்று இருந்தது.

டாக்டரம்மா எட்டு வாரத்தை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணச் சொன்னார். வீட்டுக்காரரின் கெடுவில் மூன்று வாரம்தான் மிச்சம்.

மாஸ்டர் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார். நேராகக் குளியலறை. உடுப்பு வாளியில். நகக்கண்ணுக்கு பிரஷ். வெளியே பட்டன் கதவைப் பிறாண்டி முனகியது. "வந்துட்டேன்டா" என்பார் உள்ளிருந்து. வெளியே வந்து கையை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு, மனைவியின் தையல் மெஷின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"இத்தனை வருஷம் அது மாவைத்தான் கொஞ்சியிருக்கு" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. பிறகு அவள் அதைச் சொல்லவில்லை.

கெடு முடிந்த அன்று வீட்டுக்காரர் மாடியில் தேநீரை முடித்துவிட்டு இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். பட்டனின் வயிற்றில் குட்டையாக முடி முளைத்திருந்தது. வாடை இல்லை.

"பரவாயில்லையே. சரி, இருக்கட்டும் மாஸ்டர்." தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். விரலில் பிஸ்கட் துகள். பட்டன் நாக்கை நீட்டுவதற்குள் மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சார், முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் தன் வீட்டுக் குழாயடியில் போய்க் கை நனைத்துத் திரும்பினார்.

மாஸ்டர் சோப்பை நீட்டினார்.