சர்வர் அறையிலிருந்து வந்த போன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவளுக்கு எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் தோன்றும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் சிஸ்டம்ஸ் வேலை. எங்கள் ஆட்கள் எழுதும் புரோகிராம் எல்லாம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற விவரத்தோடு, ஆபீஸிலேயே இருந்த ஒரு சர்வரில்தான் இருக்கும். அதற்குள் போக எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போன ஒருவன் அதே பாஸ்வேர்டில் வெளியிலிருந்து நுழைந்திருக்கிறான் என்று தெரிந்ததும் கிளையண்ட் குதித்தான். திங்கட்கிழமைக்குள் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனிச் சாவி ஃபைல் கொடு, பழைய வழியை அடியோடு மூடு, இல்லாவிட்டால் பிராஜெக்டும் இல்லை, நமக்கு வேலையும் இல்லை என்றார் மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா ஆஸ்டின் டவுன்காரி, அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எல்லாருக்கும் சாவி உண்டாக்கிவிட்டுப் பழைய பாஸ்வேர்டை நீக்கப் போனேன், மேஜை இன்டர்காம் அடித்தது. சர்வர் அறையின் எண். அந்த அறை பூட்டியிருக்கிறது, பூட்டின் சாவி என் கழுத்தில் தொங்குகிறது.

"சாத்தாதம்மா. உள்ள இன்னும் ஒரு ஆளு கீறான்."

வயதான ஆண் குரல், அவசரமே இல்லாமல். யாரென்று கேட்டேன், திரும்பவும் அதையே சொன்னது. ஸ்டெல்லா ரிசீவரை வாங்கிக் கேட்டாள், முகம் வெளுத்துவிட்டது.

"ஏய், எங்கப்பா பேசற மாதிரியே இருக்குடி. அதே கே.ஜி.எஃப். பேச்சு."

லைன் கட்டாகிவிட்டது. வாசல் செக்யூரிட்டியைக் கேட்டால், "அல்லி யாரூ இல்லா மேடம்", அங்கே யாருமில்லை என்று கன்னடத்தில் சொன்னார். சர்வர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், லைட்டுகள் மினுங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சர்வருக்குள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன், எங்களைத் தவிர ஒருத்தரும் இல்லை.

"நாளைக்குப் பண்ணலாம் வாசுகி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"நாளைக்கு வேலையே இருக்காது, பரவாயில்லையா?"

எரிச்சலோடு மறுபடி உட்கார்ந்தேன். கை வைப்பதற்குள் மறுபடி போன். அதே குரல், அதே வார்த்தைகள், ஆனால் இந்தத் தடவை மூச்சு வாங்கியது. ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். பூட்டைத் திறந்து சர்வர் அறையைத் தாண்டி, அதன் பின்னால் கரண்ட் போனால் உதவும் பேட்டரிகள் இருக்கிற அறைக்குப் போனால், தரையில் ஒரு ஆள் குப்புறக் கிடக்கிறார், பக்கத்தில் ஸ்பானர். நீலசந்திராவிலிருந்து வழக்கமாகப் பேட்டரி பார்க்க வருகிற முருகேசன். அந்த அறையின் பின்பக்கக் கதவு வழியாக வந்திருக்கிறார், ஷாக் அடித்துவிட்டது. கம்பெனி காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிழைத்துவிட்டார்.

சாயந்திரம் நான் திரும்பி வந்து பழைய வழியை மூடி, அறையைப் பூட்டினேன். மயங்குவதற்கு முன் அவரே போன் செய்திருப்பார், ஷாக்கில் குரல் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உடம்பு தேறியதும் முருகேசன் ஸ்வீட் பாக்ஸோடு என்னையும் ஸ்டெல்லாவையும் பார்க்க வந்தார். "நீங்க போன் பண்ணதாலதான் பிழைச்சீங்க" என்றேன்.

"நான் எங்க மேடம் போன் பண்ணேன்? கீழ விழுந்ததுதான் தெரியும். அன்னிக்கு ஜன்னல் வழியா உங்க ரெண்டு பேரையும் பார்த்தேன், இந்தம்மா போனக் காதுல வச்சிக்கிட்டு பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க. கையாட்டினேன், பார்க்கல. சரின்னு சுத்திக்கிட்டுப் பின்னால போனேன்."

ஸ்டெல்லா போனைக் காதில் வைத்தது முதல் தடவை மட்டும்தான். உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அந்தக் குரல் சொன்னபோது முருகேசன் கட்டடத்துக்கு வெளியே நின்றிருக்கிறார்.

அப்படியென்றால் உள்ளே இருந்தது யார்? முருகேசனை வெளியே தூக்கிப்போன பிறகு, அன்று சாயந்திரம் நான் பழைய வழியை மூடும்போது போன் அடிக்கவே இல்லை.