மலைக்காடு பார்க்க வந்தவர்கள்

வாழைப்பழம்

அந்த ஊரைப் பார்க்க எவரும் வந்ததில்லை. ஹட்டனுக்குப் போகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்தான் எங்கள் விடுதியில் தங்குவார்கள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிரிக்கத் தெரியாது. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு கடைத்தெரு, ஒரு தபால் கந்தோர், ஒரு கோயில், ஒரு சாராயக் கடை. சுற்றிலும் தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில் இருட்டாக ஒரு காடு. எல்லாவற்றின்மேலும் மழை.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த விடுதிக்குக் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி அருணாசலம் கீழே பலசரக்குக் கடையும் மேலே விடுதியும் வைத்திருந்தார். அதற்கும் மேலே, அதாவது அவருடைய மனதில், தமிழ்ச் சங்கம் வைத்திருந்தார். சங்கத்துக்கு அவரே தலைவர். பொங்கலுக்குப் பொங்கல் மேடை போட்டு, உலகத்தில் வேறு எந்த மொழிக்கும் இல்லாத சிறப்பு ழகரத்தைப் பற்றி முழங்குவார். ஒரே ஒரு சிக்கல்: அவருக்கு ழ வராது. "தமிலின் சிறப்பே இந்த லகரம்தான்" என்பார். கூட்டம் கை தட்டும். கூட்டத்துக்கும் வராது.

நேர்முகத் தேர்வில் அவர் என் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை.

"வாலப்பலம்னு சொல்லு பாப்போம்" என்றார்.

"வாழைப்பழம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வேலை கிடைத்தது. விடுதி வேலையோடு சங்கத்தின் செயலாளர் பதவியும் சேர்ந்து வந்தது. நான் நிறையப் புத்தகம் படித்தவன். வாழ்க்கையில் அதனால் கிடைத்த ஒரே லாபம் இந்த ஓர் எழுத்துதான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ட்ரங்க் கால்

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் ட்ரங்க் கால் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலாளி பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"நீங்க தமிலாளுதானே? அப்புறம் என்னாத்துக்கு இங்கிலீசு? தமில்ல சொல்லுங்க... என்னா? மலக்காடா? ஓ, தாராளமா. நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நாலு வெள்ளக்காரங்க நாளான்னைக்கு மலக்காடு பாக்க வாராங்களாம்."

"எந்த மலைங்கய்யா?"

"எந்த மலையா இருந்தா என்னா? நல்ல மலையா ஒண்ணப் பாத்துக் காட்டு."

தோட்டத்துப் பேச்சில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம். 'மலைக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். ஆகவே முதலாளி, தன் கடையில் அரிசி பருப்பு வாங்குகிற தோட்டத்துக் கண்டாக்கைப் போய்ப் பார்த்தார். கண்டாக்கு என்பவர் மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். பத்துப் பெண்களைத் தீபாவளிச் சேலையில் மலையில் நிறுத்துவது, மேளம் அடிப்பது, மாலை போடுவது என்று இருவருமாக முடிவு செய்தார்கள். பெண்களுக்கு அன்றைக்கு முழுப் பேர் என்று கண்டாக்கு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பேர் என்பது ஒரு நாள் சம்பளம். பேர் விழுந்தால் அடுப்பு எரியும். அரைப் பேர் விழுந்தால் பிள்ளைகள் மட்டும் சாப்பிடுவார்கள். அரிசிப் பஞ்சம் முடிந்து அதிக காலம் ஆகாத சமயம் அது.

வரவேற்பு

வந்தவர்கள் நாலு பேர். தலைநரைத்த ஒரு டீச்சரம்மாதான் தலைவி; எங்கேயோ ஐரோப்பாவில் மரஞ்செடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். முழங்கால் வரை பூட்ஸும் ரெயின்கோட்டும் போட்டுக்கொண்டு இறங்கினார். நம் பெண்களோ முதலாளியின் கட்டளைப்படி தலையில் போடுகிற கம்பளியையும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கையும் தாங்கள் குடியிருக்கிற லயத்திலேயே வைத்துவிட்டு, நைலக்ஸ் சேலையில் நனைந்துகொண்டு நின்றார்கள். மலையைப் பார்க்க வந்தவர்கள் நனையாமலும், மழையிலேயே பிறந்தவர்கள் நடுங்கிக்கொண்டும் நின்ற அந்தக் காட்சிக்கு, மேளம் மட்டும்தான் பொருத்தமாக இருந்தது. அதுவும் நனைந்து போய்த் தொப் தொப்பென்றது.

மாலை விழுந்தது. கண்டாக்கு தன் கடமை தீர்ந்ததென்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். முதலாளி பேச்சைத் தொடங்கினார். டீச்சரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, ரெயின் ஃபாரஸ்ட் எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார்.

முதலாளியின் காதுக்குப் போனேன்.

"ஐயா, கொழும்புக்காரர் சொன்னது மழைக்காடு."

"அதத்தானே காட்டிக்கிட்டு இருக்கோம்."

"மலை இல்லைங்கய்யா. மழை. ழ."

அவர் முகத்தில் அந்த எழுத்து மெதுவாக இறங்கியது. பிறகு தணிந்த குரலில், "அத ஏன் இப்ப சத்தமா சொல்ற" என்றார்.

கொழுந்துக்காரப் பெண்களில் முன்னால் நின்றவள் பாக்கியம். ஊரில் யாருக்கும் பயப்படாதவள். "என்னாங்க கேக்குது அந்தம்மா?" என்றாள்.

"காட்டைப் பார்க்கணுமாம்."

"அந்த வெறகுக் காட்டயா? அதுல என்னா இருக்கு. அட்டதான் இருக்கு."

"அதையெல்லாம் பார்க்கத்தான் வந்திருக்காங்க."

"அட்டயப் பாக்கவா? எங்க லயத்துக்கு வந்திருந்தா உக்காந்த எடத்துலயே காட்டியிருப்போமே." பெண்கள் சிரித்தார்கள். "சரி, பாத தெரிஞ்சவங்க நாங்கதான். கூட்டிக்கிட்டுப் போறோம். எங்க பேரு என்னாகும்?"

"எல்லாம் விலும், போங்க" என்றார் முதலாளி. தோட்டத்தில் அவருக்கு இருந்த அதிகாரம் எனக்கு இருந்த அளவுதான்.

காடு

காட்டைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தகுதியில்லை. பாதி நேரம் நான் வழுக்கி விழுந்து தரையில் கிடந்தேன். புத்தகங்களில் நான் படித்த காடுகளில் அட்டை கிடையாது. அச்சடிக்கும்போது எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பாசி பிடித்த மரத்தைக் கட்டிப்பிடித்தார்கள். அட்டையைப் படம் எடுத்தார்கள். டீச்சரம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நம் பெண்கள் என் காலில் ஏறிய அட்டைகளின்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பி உதிர்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஆளுக்கொரு கட்டு விறகு ஒடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தக் காட்டில் உருப்படியான வேலை செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பேர்

சாயங்காலம் இறங்கி வந்தோம். வெள்ளைக்காரர்கள் நன்றி சொல்லி வேனில் ஏறிப் போனார்கள். நடந்த குழப்பம் காதுக்கு எட்டி, கண்டாக்கு ரோட்டில் வந்து நின்றார். விறகுக் கட்டுகளைப் பார்த்ததும் அவருக்கு ஒழுங்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் அரப்பேருதான்" என்றார்.

பாக்கியம் கட்டை இறக்காமலே கேட்டாள். "காலயில முலுப்பேருன்னு சொன்னீங்களே ஐயா?"

"மலையில நின்னாத்தான் முலுப்பேரு. நீங்க காட்டுக்குல்ல போயிருக்கீங்க."

"மலக்காட்டக் காட்டச் சொன்னீங்க. மலக்காட்டத்தான் காட்டினோம்."

"ஏய், அது மலக்காடு. மல இல்ல."

"அதத்தாங்க நாங்களும் சொல்றோம்."

"இந்த மல வேற. வானத்துல இருந்து வருதே, அந்த மல."

"மலைக்குப் போனா பேரு உண்டா இல்லையாங்க? எந்த மலைன்னு பெரட்டுல நீங்க சொல்லலியே."

பின்னால் நின்ற பெண்கள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார்கள். கண்டாக்கு முதலாளியைப் பிடித்தார். "ஐயா தமில்ச் சங்கத் தலைவரு. நீங்களே சொல்லுங்க. இது மலையா, மலையா?"

முதலாளி வாழ்நாள் முழுக்க மேடையில் காத்த எழுத்து இப்போது நடுரோட்டில் வந்து நின்றது. இரண்டும் வேறு என்று சொன்னால், தோட்டத்துக்குத் தப்பான மலையைச் சொல்லிவிட்டது யார் என்ற கேள்வி வரும். அதைவிட மோசம், இரண்டையும் உச்சரித்துக் காட்ட வேண்டிவரும். "அதாவது... மல... மள..." என்று நாக்கை மடித்துப் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"நம்ம கிளாக்கர் படிச்சவரு. சுத்தமான உச்சரிப்பு. அவரு சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த எழுத்து நன்றாக வரும். சோறு போட்ட எழுத்து. பத்துப் பெண்கள் நனைந்த சேலையோடு, தலையில் விறகோடு நின்றார்கள். எரிக்க விறகு இருந்தது. உலையில் போட வேண்டியது என் வாயில் இருந்தது.

"மலதாங்க" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்."

"கேட்டீங்களா?" என்றார் முதலாளி, உயிர் திரும்பியவராக. "செயலாளரே சொல்லிட்டாரு. மலதான். முலுப்பேரு போடுங்க."

கண்டாக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்தவன் சொன்னதை மறுத்துப் பேசினால் தனக்குத் தமிழ் தெரியாதென்று ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். முழுப்பேர் விழுந்தது.

லயத்துக்குப் பிரிகிற பாதையில் பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். "என்னாங்க கிளாக்கரே, வாலப்பலத்த அவ்வளவு அலகா சொல்லுவீங்களாமே. ஒங்க நாக்குக்கு என்னா வந்துச்சு?"

"அட்ட கடிச்சிருச்சு" என்றேன்.

விடுதித் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று போனை வைப்பதற்குமுன் இரண்டு தரம் கேளுங்கள். உச்சரிப்பும் சுத்தமாக இருக்கட்டும். அடுத்தவர் பேர் அதில் போகிற நாளில் மட்டும் கொஞ்சம் நாக்குத் தடுமாறக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கலுக்கு முதலாளி வழக்கம்போலச் சிறப்பு லகரத்தைப் பற்றி முழங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது பாக்கியம்தான்.