வாசனை இல்லாத ஆள்

வாசனை எண்ணெய்க் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மூக்கம்மா. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். இருபத்திரண்டு வருடமாகச் சோறு போடுவது அந்த மூக்குதானே. வந்திறங்கும் பச்சோலி என்கிற இலையின் எண்ணெய்ப் பீப்பாய் ஒவ்வொன்றிலும் காகிதப் பட்டையை நனைத்து முகர்ந்து, எடுத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்வது அவள் வேலை. புது எண்ணெய் பச்சை வாடையாகக் குத்தும். வைக்க வைக்கத்தான் பதமாகும். சென்ட் கலப்பவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. எலுமிச்சையும் ரோஜாவும் அரை நாளில் ஓட்டம் பிடித்துவிடும். பச்சோலி அவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும்.

முகர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசனை சோப்பு, பவுடர், தலைக்குப் பூ எதுவும் கூடாது. கல்யாணமான வாரமே அவள் கணவரும் தன் பவுடர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டார். யாரும் கேட்டு அல்ல, தானாகவே. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர் அவர். "உன் பொழப்பும் மூக்கு, என் பொழப்பும் மூக்கு, நமக்குள்ள என்ன?" என்பார். கூடவே, "நான் வாசனையே இல்லாத ஆளு. திருடப் போனாகூட நாய்க்குத் தெரியாது" என்று பெருமை வேறு.

அந்த ஆள் மூன்று வாரத்துக்கு முன், கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அவள் அழவில்லை. வந்தவர்கள் பார்த்தார்கள், காத்திருந்தார்கள், கல்நெஞ்சக்காரி என்று வெளியே போய்ப் பேசியும் கொண்டார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். கம்பெனி மேலாளர் ஒரு சின்னக் குப்பி கொடுத்துவிட்டுப் போனார். மசாஜ் நிலையங்களுக்கு அனுப்புகிற பச்சோலிக் கலவை. தலையணையில் இரண்டு சொட்டு விட்டால் மனம் அமைதியாகும் என்று சீட்டில் போட்டிருந்தது. இருக்கிற அமைதியே போதும் என்று அதை ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் வாசனை எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அது கிடைத்தால் அழுகை வந்துவிடும் என்று ஏனோ நம்பினாள்.

அதையும் வேலைக் கணக்காகத்தான் செய்தாள். காலையில், வெறும் வயிற்றில், ஜன்னலை மூடி, அலமாரியைத் திறந்தாள். முகர்ந்து முகர்ந்து மூக்கு களைத்தால், சொந்த முழங்கை மடிப்பில் ஒருமுறை ஆழ மூச்சிழுத்துப் பழைய வாசனையைத் துடைத்துக்கொள்வது அவள் தொழிலில் பழக்கம். தன் வாசனை தனக்குத் தெரியாது, அதுதான் பூஜ்யம். அங்கிருந்து அடுத்ததைத் தொடங்கலாம். அப்படி ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில் முழங்கையில் மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பதினொரு சட்டை பார்த்தாள். கழுத்துப் பட்டை, அக்குள், பை. ஒன்றுமில்லை. பீப்பாய் இரும்பா தகரமா என்றுகூடச் சொல்லிவிடுகிற மூக்குக்குப் புருஷன் சட்டையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. மனுஷன் சொன்னபடியே சுத்தமாகப் போய்விட்டார் என்று அலமாரியைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள், அண்ணன் நினைவாக ஒரு சட்டை கேட்டு. நீயே எடுத்துக்கொள் என்று அவள் சொல்ல, நாத்தனார் போய் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் கிடைத்த சட்டையை முகத்தில் அப்பிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அண்ணன் வாசனை அப்படியே இருக்கு அண்ணி."

நாத்தனார் எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்குகிறவள். ஆனாலும் மூக்கம்மாவுக்குத் தொழில் புத்தி விடவில்லை. எப்படி இருக்கிறது, சொல் என்று கேட்டாள்.

"மழை பேஞ்ச மண்ணு மாதிரி. பழைய மரப்பெட்டி மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன்கிட்ட இது கிடையாது, அப்புறம் வந்ததுதான். எங்க வீட்டுப் பிள்ளைங்க கண்ண மூடிக்கிட்டே மாமா வந்துட்டாருன்னு சொல்லும்."

அது பச்சோலி. இருபத்திரண்டு வருடம் அவள் வேலைத் துணியும் அவர் சட்டையும் ஒரே அலமாரியில் கிடந்தன. போதாததற்குக் கம்பெனிக்கு மாதிரிக்கு வந்து மிஞ்சிய காய்ந்த பச்சோலி இலைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அவரே சட்டைகளுக்கு நடுவில் வைத்துவந்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த அவர் வாசனை, அவள் மேலும் அதுவே ஊறியிருந்ததால், அவளுக்குப் பூஜ்யமாக இருந்தது. முழங்கையில் துடைத்துத் துடைத்து அவள் அழித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

நாத்தனாரிடம் இதைச் சொல்லவில்லை. இன்னொரு சட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நாத்தனார் போன பிறகு அலமாரியைச் சாத்தினாள். அழுகை அப்போதும் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். நான்கு பீப்பாய் வந்திருந்தது. முதல் பட்டையை நனைத்தாள். முகர்வதற்கு முன், பழக்க தோஷம், முழங்கை மடிப்பில் மூக்கை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தெரியும். ஆழ இழுத்தாள். விட்டாள். இன்னும் ஆழ இழுத்தாள்.

மேலாளர் வந்து, எண்ணெய் எப்படி, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள், முகத்தை எடுக்காமலே. "எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் வரமாட்டேங்குது."

மேலாளர் பீப்பாயைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னொரு பட்டையை நனைத்து அவள் பக்கம் நீட்டினார்.