மாதுங்காவில் நிற்காத புத்தகம்

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். வானளவுக்கு உயர்த்திக் கட்டித் தருவார்களாம். அதுவரை வாடகை வீடு. போன ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்துகொண்டிருந்த மகள், அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"பம்பாய்... வ...ழி...காட்டி. வழி காட்ற புக்காப்பா? ரத்தில போட்றவா?"

ரத்தி என்றால் இங்கே பழைய பேப்பர். அந்தக் கடைக்காரனுக்குப் போகவிருந்ததைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், அம்மா ரயிலுக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு இன்னும் மணக்கிறது. கரப்பான் வாடை என்கிறாள் மனைவி. அவள் மூக்கு மாதுங்காவில் வளர்ந்தது, அதற்கென்ன தெரியும்? எலிபெண்டா தீவின் படத்தின்மேல் அதன் நல்லெண்ணெய் ஊறித் தாள் கண்ணாடியாகி, அடுத்த பக்கத்து மிருகக்காட்சிசாலை தெரிகிறது.

முதல்முதலாகப் பம்பாய்க்கு ரயிலேறும் முன் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கியது. தாராவியில் தோல் பட்டறையில் இருந்த சித்தப்பா, மாதுங்காவில் ஒரு கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். ரயிலை விட்டு இறங்குகிற அன்றே காலை பத்து மணிக்கு நேர்முகம். வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வந்து மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்தக் கடையில் நுழைந்தவர்கள் கல்யாணத்துக்குக் கூட அந்த நாற்றத்தோடுதான் போனார்கள். போவதில்லை என்று முடிவு கட்டினேன். தாதர் ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், கையில் புத்தகம் இருக்கிறது என்று சித்தப்பாவுக்கு எழுதியும் போட்டேன். என்ன திமிர் பாருங்கள்.

புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. அதில் பொய்யே கிடையாது. கேட்வே ஆஃப் இந்தியா எத்தனை அடி உயரம், எலிபெண்டா குகைச் சிலைக்கு எத்தனை முகம், எல்லாம் உண்டு. "தாதரிலிருந்து மாதுங்காவுக்கு மின்சார ரயிலில் செல்லலாம்" என்றும் உண்டு. செல்லலாம்தான். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது என்பதை மட்டும் போடவில்லை. முதலில் வந்த வண்டியில் தகரப் பெட்டியோடு பாய்ந்தேன். மாதுங்கா என்ற பலகை என் கண் முன்னால் வந்தது, போனது. குர்லாவில் என்னைத் துப்பிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் ஸ்லோ வண்டி பிடித்தேன். இந்த முறை விடுவதாக இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தி வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். "மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்நகரத்துக்குப் புதியவன், தயவுசெய்து எனக்கு வழிவிடுவீர்களா" என்ற பொருளில் ஒன்று இருந்தது. வாசலை மறித்து நின்றவரிடம் அதைப் படித்தேன். "புதியவன்" வருவதற்குள் மாதுங்கா வந்துவிட்டது; "தயவுசெய்து" முடிவதற்குள் போய்விட்டது. மறுபடி தாதர்.

அந்தத் தாதரில்தான் என் முதுகில் ஒரு விரல் குத்தியது. "உதர்னா ஹை க்யா?" இறங்கப் போகிறாயா என்கிறான் பின்னால் நின்றவன். இறங்காவிட்டால் விலகு என்று அதற்கு அர்த்தம். ஐயா இல்லை, தயவு இல்லை. ஆனால் கூட்டம் பிளந்தது! இந்த ஊரின் மொத்த மரியாதையும் அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டேன். அடுத்த ஸ்லோ வண்டியில் ஏறிய நிமிஷத்திலிருந்தே, முன்னால் நின்ற முதுகையெல்லாம் குத்தி, "உதர்னா ஹை க்யா? உதர்னா ஹை க்யா?" என்று ஏலம் போட்டேன். பைத்தியம் என்று நினைத்தோ என்னவோ, வழிவிட்டார்கள். மாதுங்காவில் குதித்தேன்.

பிளாட்பாரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார், வரவேண்டாம் என்று நான் எழுதிப் போட்டிருந்த சித்தப்பா.

"எலேய், அங்கிட்டு ஒருக்க போற, இங்கிட்டு ஒருக்க போற. பம்பாயச் சுத்திப் பாக்கவால வந்த?"

"பாத்தா கூப்பிட வேண்டியதான சித்தப்பா?"

"தொண்ட கிழியக் கூப்பிட்டேன். நீ பொஸ்தவத்துல இருந்து தலயத் தூக்கினாத்தானல?"

பெட்டியை அவர் தலையில் வாங்கிக்கொள்ள, ஓடினோம். மேனேஜர் பாலக்காட்டுக்காரர். கடிகாரத்தைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார்.

"பத்து மணின்னு சொன்னேனே, எங்கே போயிட்டே?"

"குர்லாவுக்கு சார். ஃபாஸ்ட் வண்டி."

"அப்புறம்?"

"மறுபடி தாதர் சார். அப்புறம்தான் இங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி வழுக்கியது. "சரி, உக்காரு. திரும்பித் திரும்பி வந்துட்டேயோன்னோ, அது போறும். கடுதாசியெல்லாம் சரியான எடத்துக்கு அனுப்பற வேலைதான்." தபால் பிரிவில் போட்டார். அவருக்கும் குறும்பு உண்டு.

பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கொடுத்த வழிகாட்டி அந்த ஒரே வாக்கியம்தான். பார்க்க வருகிறவனுக்குக் கேட்வேயின் உயரம் போதும். பிழைக்க வருகிறவனுக்கு முன்னால் நிற்பவனை விலக்கத் தெரிய வேண்டும்.

இப்போது மகளின் போனில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று எல்லாம் வருகிறது. ரயில் பெட்டிக்குள்ளேயே ஒரு பெண்குரல் அடுத்த ஸ்டேஷனைச் சொல்கிறது. அந்தக் கேள்விதான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு நான் இருக்கிறேன், காதுகள்தான் அடைத்திருக்கின்றன. நேற்று மாதுங்காவுக்குப் போகத் தாதரில் ஸ்லோ வண்டி ஏறி, முன்னால் நின்ற பையனிடம் கேட்டேன். உரக்கக் கேட்டேன். முதுகைக் குத்தினேன். அவன் காதிலிருந்து பாட்டுக் கேட்கும் குமிழைக் கழற்றித் திரும்பி, "யெஸ் அங்கிள்?" என்றபோது மாதுங்கா பலகை என் கண் முன்னால் வந்தது, போனது.

சயானில் இறங்கினேன். தொண்டை கிழியக் கூப்பிட பிளாட்பாரத்தில் சித்தப்பா இல்லை. எதிர்ப்பக்கம் போய் அடுத்த வண்டியில் ஏறி, ஏறிய நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்தேன்: "உதர்னா ஹை க்யா?"