பொழுதோட வர வேண்டிய வண்டி

இங்கே குழாயடிச் சண்டையிலும் 'ங்க' போடுகிறார்கள். காலையில் எங்கள் லைன் வீட்டு ஓனரம்மா வந்து நின்று, "ஏனுங்க, எத்தன கொடந்தானுங்க புடிப்பீங்க, மத்தவங்களுக்கு வேண்டாமுங்களா" என்பார். திட்டுகிறாரா விசாரிக்கிறாரா என்று முதல் ஆறு மாதம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் திட்டினால் அது திட்டு. பாதித் தெருவுக்குக் கேட்கும். இங்கே மரியாதை குறையாமல் நம் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். நானும் பழகிக்கொண்டேன். யார் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். அதில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே. திருப்பூர் வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதலிபாளையம் எஸ்டேட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் போன வருடம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் வேண்டுமென்றே பிந்தி வந்தேன், ஓவர்டைம் காசுக்காக அண்ணன் பாட்டை விட்டுவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அவர்களுக்கும், என்னைப் போல வண்டி ஏறி வந்தவர்களுக்கும், முக்கியமாக அண்ணனுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை.

எங்கள் அம்மன் கோயில் கொடை மூன்று நாள். திங்கட்கிழமை சாயங்காலம் சாமியை அழைக்கிற குடியழைப்பு. செவ்வாய் மதியம் கொடை. புதன் காலையில் படைப்பு. மூன்று நாளும் வில்லுப்பாட்டு உண்டு. அண்ணன் இசக்கிமுத்து தான் பாடுகிறவர். நடுவில் வில், அதன் பின்னால் அண்ணன், வலது பக்கம் குடம் அடிக்கிறவர், இடது பக்கம் தாளக் கட்டை வைத்துக்கொண்டு நான். அண்ணன் ஒரு அடியைச் சொல்லி நிறுத்துவார். நான் "ஆமா" என்பேன். கேட்கிறவர்களுக்கு அது சின்ன வேலையாகத் தெரியும். அந்த ஆமா சரியான இடத்தில் விழவில்லை என்றால் கதை நொண்டும். நான் தப்பினாலும் அண்ணன் முறைக்க மாட்டார். அதே அடியை முதலிலிருந்து எடுப்பார். ஜனங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பத்து வருடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். பிறகு மழை இல்லை, வேலை இல்லை, இங்கே வந்தேன். கொடைக்கு மட்டும் போய் உட்காருவேன்.

போன ஆடியில் அண்ணன் போன் செய்தார். குரல் கரகரவென்று இருந்தது. தொண்டையில் கட்டி என்று முன்பே சொல்லியிருந்தார். வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"குரலையும் சேத்து எடுத்துருவாவளாம்ல. புதன்கெழம ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காவ. திங்கக்கெழம குடியழைப்பு மட்டும் நான் பாடுதேன். மத்ததை முத்தையா பாத்துக்கிடுவான். ஆமா போட நீ வந்துரு. பொழுதோட வந்துருல."

முத்தையா அண்ணனிடம் பாட்டுப் பழகுகிறவன். வந்துவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது. அறுந்த நூலைக் கோத்துவிட்டு மிஷினை மிதித்தேன்.

அன்றிலிருந்து கொடை வரை எனக்கு ஒரே வேலை. எங்கள் பக்கத்துக்காரர்கள் இந்த லைன் வீடுகளில் நாலு குடும்பம். பிள்ளைகளோடு பதினாலு தலை. ஒரு அட்டைப் பெட்டி மூடியைக் கிழித்து அதன் பின்னால் எழுதி மிஷினுக்கு மேலே செருகி வைத்தேன். திங்கள் காலை ஆறுக்கு வண்டி. பத்தரைக்கு மதுரை தாண்டி ஒரு மரத்தடியில் புளிச்சோறு. மூன்று, மூன்றரைக்கு ஊர். ஆறுக்குக் குளித்துவிட்டுப் பந்தலில் இருக்க வேண்டும். ஏழுக்கு வில்லு. செவ்வாய் காலை பெண்களுக்குப் பொங்கல் வேலை, மதியம் வில்லு. புதன் காலை படைப்பு முடிந்ததும் நான் மட்டும் அண்ணனோடு ஆஸ்பத்திரி, மற்றவர்கள் திரும்ப வேண்டும். யார் முன் சீட்டு, யாருக்கு வாந்தி வரும், யார் எலுமிச்சம்பழம் கொண்டுவர வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. பேச்சி, என் வீட்டுக்காரி, பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கூட இப்படி எழுதலையே" என்றாள்.

லீவு கேட்பது அடுத்த பாடு. நாலு பேர் ஒரே நேரத்தில் மிஷினை விட்டு எழுந்தால் லைன் நின்றுவிடும். சூப்பர்வைசர் இந்த ஊர்க்காரர். நல்ல மனிதர். "மூணு நாளா? அப்படி என்ன நோம்பிங்க?" என்றார். இங்கே திருவிழாவை நோம்பி என்பார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டு, நாங்கள் நோன்பு இருக்கிறவர்கள் இல்லை என்று சொல்லி நான் சிரிப்பாகப் போனவன். இப்போது தெரியும். கோயில் கொடை, மூன்று நாளும் பாட்டு என்றேன். ஆர்கெஸ்ட்ராவா என்று கேட்டார். இல்லீங்க, வில்லு என்றேன்.

"வில்லு அம்பு விடற போட்டிங்களா?"

"ஆமாங்க" என்றேன். விளக்கினால் நேரமாகும், மனது மாறிவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பீஸை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி லீவு கொடுத்தார். மறுநாள் கட்டிங் மாஸ்டர் என்னிடம் வந்து, ஊரில் எத்தனை அடி தூரத்தில் குறி வைப்பீர்கள் என்று விசாரித்தார். அதற்கும் ஏதோ சொன்னேன்.

வண்டிக்கு வேலுச்சாமி அண்ணனைப் பிடித்தேன். அவிநாசிபாளையத்துக்காரர். சொந்த வேன். கம்பெனிக்கு ஆள் ஏற்றுவார், நடுவில் வாடகைக்கும் போவார். கேட்டில் நின்று பேசினோம். திங்கட்கிழமை என்றேன். சரி என்றார். பதினாலு பேர் என்றேன். "கொழந்தைகளை மடில வச்சுக்குவீங்களா" என்றார். வைத்துக்கொள்வோம் என்றேன். அப்போது என் வாயில் அண்ணன் சொன்ன வார்த்தைதான் வந்தது.

"பொழுதோட வந்துரணுங்க."

"பொழுதோடதானுங்க? அதுக்கென்னங்க, வந்தர்றனுங்க."

"ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அட்டையில் ஆறு மணி என்று எழுதியிருந்தேன். அந்த அட்டையை அவரிடம் காட்டவில்லை.

என் பக்கத்து மிஷினில் ஒரு ஒடிசாப் பையன் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. எதற்கும் விரலைக் காட்டுவோம், போனில் மணியைக் காட்டுவோம். இந்த ஐந்து வருடத்தில் அவனோடு எனக்கு ஒரு தப்பும் வந்ததில்லை. தமிழில்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே எல்லாரும் லைன் வீட்டு வாசலில் மூட்டையோடு நின்றோம். புளிச்சோறு தூக்குவாளியில் சூடாக இருந்தது. பிள்ளைகள் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். ஆறு ஆனது. ஏழு ஆனது. வேலுச்சாமி அண்ணன் போனை எடுக்கவில்லை. கம்பெனி ட்ரிப்பில் இருப்பார், முடித்துவிட்டு வருவார் என்று நானே எல்லாருக்கும் சொன்னேன். எட்டேகாலுக்கு அவர் வீட்டுக்காரம்மா எடுத்தார். போனை ஊட்டுலயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார். வருவாரா என்று கேட்டேன்.

"அவரு சொன்னா சொன்னதுதானுங்க. பொழுதோட வந்துருவாருங்க, பயப்படாதீங்க."

பொழுதோட வந்துவிடுவார். என் காதுக்கு அது, நேரம் போவதற்குள் வந்துவிடுவார் என்று கேட்டது. எங்கள் பக்கத்தில் பொழுதோட வா என்றால் நேரத்தோடு வா என்று அர்த்தம். மனது கொஞ்சம் ஆறியது. பேச்சி அப்போதே சொன்னாள், நீங்கள் மட்டும் பஸ் ஏறிப் போங்கள், நாங்கள் வண்டியில் வருகிறோம் என்று. ஒன்பது மணிக்குள் ஏறியிருந்தால் ஏழுக்குப் போயிருக்கலாம். திட்டம் போட்டவன் நான், பதினாலு பேரைத் தெருவில் நிறுத்திவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன். இதோ வந்துவிடுவார் என்றேன். அந்த இதோ பதினொன்றரை வரை போனது.

பதினொன்றரைக்கு அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"ஏனுங்க, கூப்ட்டு உட்டிருந்தீங்களாமா? அதா, பொழுதோட வர்றனுங்களே. அஞ்சரைக்கு ரெடியா இருங்க."

"காலைல வரலீங்களே" என்றேன்.

"பொழுதோடன்னு சொன்னீங்களேங்க. பொழுதோடன்னா சாயங்காலமுங்க. உங்க ஊருக்காரங்க எல்லாரும் வேல முடிச்சு சாயங்காலந்தானுங்க கெளம்புவாங்க?"

அவர் பேசியது நியாயம். இங்கே விடியால என்றால் காலை, பொழுதோட என்றால் பொழுது சாய்கிற நேரம். ஐந்து வருடம் இந்த ஊரில் இருந்து எனக்கு அது தெரியவில்லை. கம்பெனிக்குள் யாரும் பொழுதைச் சொல்லிப் பேசுவதில்லை. எட்டரை, ஒன்று, ஐந்தரை, ஷிப்ட்டு, ஒன்றரை ஷிப்ட்டு. லைன் வீட்டில் எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். இந்த ஊருக்குள் இருந்தேனே தவிர இந்த ஊரோடு இல்லை. அவருக்கும் அன்று சாயங்காலம் வரை வேறு ட்ரிப். இனிப் பஸ்ஸில் ஏறினாலும் பத்து மணிக்கு மேல்தான் போக முடியும். தூக்குவாளியைத் திறந்து பிள்ளைகளுக்குப் புளிச்சோறு போடச் சொன்னேன்.

ஏழு மணிக்கு நாங்கள் தாராபுரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். ஊரிலிருந்து முத்தையா இரண்டு தடவை கூப்பிட்டான். வண்டி பிந்திவிட்டது என்று மட்டும் சொன்னேன். அண்ணன் அரை மணி நேரம் தள்ளிப்போட்டுப் பார்த்தாராம். சாமி காரியம், காத்திருக்காது என்று பெரியவர்கள் சொன்னதும் வில்லைத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பித்துவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டிரு, நான் இங்கிருந்தே ஆமா போடுகிறேன் என்று முத்தையாவிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. வேலுச்சாமி அண்ணனுக்கு விஷயம் புரிந்து ரேடியோவை நிறுத்திவிட்டார். வழியில் ஒரு தடவை மட்டும், "என்ற மேல தப்புங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அன்று நான் சொன்ன ஒரே இல்லீங்க அதுதான்.

போய்ச் சேரும்போது விடியற்காலை நாலு மணி. பந்தலில் வில்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இடது பக்கத்தில் என் கட்டை அப்படியே இருந்தது. யாரையும் அங்கே உட்கார அண்ணன் விடவில்லையாம். அவர் பந்தலுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். பாடி முடித்ததும் குரல் அடைத்துவிட்டது, பேச வேண்டாம் என்று மதினி சொன்னாள். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. காற்றும் குரலுமாக ஒன்று கேட்டார்.

"வண்டி பஞ்சரால?"

எனக்கு ஒரு காரணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"ஆமா" என்றேன்.

அந்தக் கொடையில் அண்ணனுக்கு நான் சொன்ன ஆமா அது ஒன்றுதான். அது பொய். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அந்தப் பஞ்சர்தான். செவ்வாய் மதியம் முத்தையா பாட நான் கட்டை தட்டினேன். புதன்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினைந்து நாள் கழித்துக் கழுத்தில் ஒரு ஓட்டையோடு வீட்டுக்கு வந்தார். உயிருக்குப் பயம் இல்லை. குரல் இல்லை. பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை என்று வேலுச்சாமி அண்ணன் அங்கே டீ குடிக்கும்போது யாரிடமோ சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் ஊரில் அந்தப் பேச்சு. பஞ்சர் இல்லை, பொய் சொன்னது உண்மை. ஆனால் ஓவர்டைம் பார்த்தேன் என்பது உண்மை இல்லை. அண்ணா, உங்கள் வார்த்தையை நான்தான் தப்பான ஊரில் சொன்னேன். படித்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் யாரிடமும் பொழுதோட என்று சொல்வதில்லை. மணி சொல்கிறேன். ஊருக்குப் போனாலும் மணிதான். துரை மாதிரிப் பேசுகிறான் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் போன் வரும். எடுத்தால் மூச்சுச் சத்தம். பிறகு கட்டில் சட்டத்தில் கட்டையை வைத்துத் தட்டுவார். தட்டுகிற விதத்தை வைத்தே எந்தக் கதை, எந்த அடி என்று எனக்குத் தெரியும். ஒரு அடி முடியும் இடத்தில் நிறுத்துவார். நான் ஆமா என்பேன். அடுத்த அடி தட்டுவார். பத்து நிமிடம் இப்படி ஓடும். பேச்சி உள்ளே போய்விடுவாள்.

போன ஞாயிறும் தட்டினார். குடியழைப்பு அடி. குழாயடியில் குடங்கள் வரிசையில் இருந்தன. ஓனரம்மா தாண்டிப் போனார். அண்ணன் தட்டி நிறுத்தினார்.

"ஆமாங்க" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அண்ணன் அந்த அடியை முதலிலிருந்து தட்டத் தொடங்கினார்.