கல்பாசி காய்ந்த மாடி

எங்கள் கல்லூரியில் தாவரவியல் துறைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. விசிறி அதுவாக மனது வைத்தால்தான் சுற்றும். காலமாகிவிட்ட பழைய துறைத்தலைவர் ஆயுசு முழுக்கச் சேகரித்த பூஞ்சைகளும் லைக்கன்களும் அங்கேதான் காகித உறைகளில் கிடந்தன. லைக்கன் என்றதும் யாரும் முழிக்க வேண்டாம். பூஞ்சையும் பாசியும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும் உயிர். குருமாவுக்குப் போடுகிறோமே கல்பாசி, அது அதில் ஒரு வகை.

மனிதர் மலை மலையாக ஏறி இறங்கிக் கொண்டுவந்தவை அவை. அந்த மரங்களில் பல இன்று இல்லை. சில சரிவுகளில் சொகுசு விடுதி கட்டிவிட்டார்கள். உறையின் மேல் அவர் கையெழுத்தில் எந்த மலை, எந்த மரம் என்று இருக்கும். உள்ளே அந்தத் துண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. பிரிந்துவிட்டால் ஒன்று பழைய காகிதம், மற்றது சருகு. பூச்சி அரிக்கக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் பாதரச மருந்து தடவியிருந்தார். உறை தவறாமல் ‘விஷம்’ என்று ஆங்கிலத்தில் சிவப்பு முத்திரையும் குத்தியிருந்தார்.

நான் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிதி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கல்யாணப் படமெடுக்கும் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய கேமரா, மேசை விளக்கு, என் சொந்தச் செலவில் கையுறை. படமெல்லாம் மஞ்சள் காமாலை வந்தவைபோல் விழும். பரவாயில்லை, இல்லாததற்கு இது மேல் என்று எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து, அலுவலகத்தில் எல்லாப் பொருள்மீதும் தமிழில் பெயர் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல காரியம்தானே என்று அட்டைப்பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் ‘பூஞ்சாணம்’ என்று எழுதி வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், கேமராவைப் பழுது பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தேன். மதியம் திரும்பி வந்தால் அறை பளபளவென்று இருந்தது. அலமாரிக்குச் சந்தனம், குங்குமம். படமெடுத்து முடிக்காத பெட்டிகளை மட்டும் காணோம்.

அலுவலகக் கண்காணிப்பாளர் நிதானமாகச் சொன்னார்: “பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சு மேடம். நீங்களே பூஞ்சாணம்னு எழுதி வச்சிருந்தீங்க. பூஞ்சாணம் புடிச்சத வச்சுக்கிட்டா பூஜை போடுறது?”

“பூஞ்சாணம் புடிக்கல சார்! அது பூஞ்சாணமேதான்!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் மேசையில் இருந்த பொரிகடலைத் தட்டைத் தூக்கி எறியலாம் போல வந்தது. ஆட்டோ பிடித்து, மன்னார்குடி ஊர்க் கோடியில் இருந்த கடைக்கு ஓடினேன்.

கடைக்கார பாய் நல்ல மனிதர். வெயிலில் வந்திருக்கிறேனே என்று முதலில் நாற்காலி போட்டார். “காயிதம் எல்லாம் பத்திரமா இருக்கும்மா. உள்ள இருந்த குப்பைய உதறிட்டு அடுக்கிட்டேன்.”

உறைகள் ஒரு பக்கம் கட்டுக் கட்டாக இருந்தன. லைக்கன் ஒட்டிய மரப்பட்டைத் துண்டுகள் ஒரு சாக்கில் ஒன்றாகக் கிடந்தன. சாக்கைக் கிளறினேன். பெரிய இதழ் இதழாக இருக்குமே, அந்த வகை மட்டும் இல்லை.

“பாய், இதுல சாம்பல் நெறத்துல, இதழா…”

“கல்பாசிதானே? அத வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன்மா. கடையில இந்தச் சைஸ்ல கெடைக்காது. மாப்பிள்ளை வர்றாரு, இன்னிக்கு பிரியாணி.”

மலையும் மரமும் மறந்தே போயின. “அதுல விஷம் தடவியிருக்கு பாய். வாயில படக்கூடாது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

வீட்டுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. “அடுப்படியில இருந்தா எடுக்க மாட்டா” என்றபடியே செருப்பை மாட்டினார். முன்பு நான் எடுத்து வைத்திருந்த அதே வகைப் படம் ஒன்றை அவர் எண்ணிலிருந்து அவர் மனைவிக்கு அனுப்பி, ‘சமைக்காதீர்கள், விஷம்’ என்று எழுதினேன். அது பார்க்கப்படவும் இல்லை.

வந்த ஆட்டோவிலேயே இருவரும் கூத்தாநல்லூர் கிளம்பினோம். குறுவை அறுப்பு முடிந்த நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வரவும், அள்ளுகிறவர்கள் மீதிச் சாலையிலும் நின்றார்கள். ஆட்டோ ஊர்ந்தது. பாய் மறுபடி மறுபடி ஃபோன் அடித்தார். “பேரன் இருக்கான்மா, சின்னப் புள்ள” என்றார். நெல் அள்ளுகிறவர்களைப் பார்த்து, “வழி விடுங்களேன்!” என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார்.

வாய்க்கால் பாலம் தாண்டும்போது ஃபோன் அடித்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“எதுக்கு இத்தனை தடவ அடிக்கிறீங்க? கோழி கழுவிக்கிட்டு இருந்தேன்.”

“கல்பாசிய போட்டியா?”

“எத? ஒரே அந்துருண்டை வாசம் வருது, அதையா? எந்தக் கடையில ஏமாந்தீங்க? தட்டுல கொட்டி மாடியில காய வச்சிருக்கேன். வாசம் போகலைன்னா வாசல்ல கொட்டிருவேன்.”

“அது விஷம். வாயில வைக்காத, கொட்டவும் செய்யாத. காலேஜ் மேடம் கேட்டு வர்றாங்க” என்றார் பாய். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்துருண்டை வைத்ததும் நான்தான், வேறு மருந்து வாங்க வழியில்லாமல். கொஞ்ச நேரத்தில் அவர் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. ‘மேடம் கேக்குறது இதா?’

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா தட்டோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். தட்டையும் சேர்த்துப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு, அவரைச் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லி, நானும் பாயும் கழுவிக்கொண்டோம். அந்த அம்மா கழுவிவிட்டு வந்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் சாப்பிட்டேன். பாய்தான் முதல் கவளத்தை வாயில் வைக்கக் கொஞ்சம் யோசித்தார்.

அடுத்த நாள்களில் துண்டுகளையும் உறைகளையும் ஜோடி சேர்க்க உட்கார்ந்தேன். பட்டைத் துண்டுகளில் சிலவற்றை மரத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். தட்டில் வந்தவற்றை முடியவில்லை. எது எந்த மலை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் உயிரோடு இல்லை. ஊகித்து எழுதலாம், எழுதினால் அது பொய்.

கடைசியில், அந்த அம்மா எடுத்து அனுப்பிய படத்தையே ஏற்றினேன். பகல் வெளிச்சத்தில், எவர்சில்வர் தட்டில், ஒவ்வோர் இதழின் ஓரச் சுருக்கமும் தெரிகிறது. எங்கள் தொகுப்பில் அதைவிடத் தெளிவான படம் இல்லை. ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தை வெற்றாக விட்டால் கணினி ஏற்க மாட்டேன் என்றது. எழுதினேன்: கூத்தாநல்லூர், மொட்டைமாடி.